சின்னக் கேமராவுக்குச் சட்டம் வேறு

(பொது நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில், ஒளிப்படம் கற்கத் தொடங்குவோருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் இருக்கும் டிஜிட்டல் கேமராவை எடுத்து வாருங்கள் என்று அழைப்பிலேயே சொல்லியிருந்தோம். மேசைகளைப் பார்க்கிறேன், ஏறக்குறைய எல்லாமே கையடக்கக் கேமராக்கள். பீரோவில் பல வருடம் தூங்கியவை சில, சித்தப்பா கொடுத்தவை சில, பழைய பொருள் கடையில் பேரம் பேசி வாங்கியவை சில. ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கம் வருடந்தோறும் ஒரு கணக்கு வெளியிடுகிறது. அதன்படி 2010-ல் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். அவற்றில் 10 கோடிக்கும் அதிகமானவை லென்ஸைக் கழற்ற முடியாத இந்தச் சின்ன ரகம். 2023-ல் அதே ரகம் 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. கைப்பேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அப்படியென்றால் இந்தக் கேமராவை இன்று எதற்காகக் கற்க வேண்டும்? கைப்பேசி நம்மிடம் எதையும் கேட்பதில்லை. பட்டனைத் தொடுவதற்குள் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, வானத்துக்கு ஒரு கணக்கு, முகத்துக்கு ஒரு கணக்கு என்று தானே முடிவு கட்டிவிடுகிறது. படம் பெரும்பாலும் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் அது ஏன் நன்றாக வந்தது என்று நமக்குத் தெரிவதில்லை. உங்கள் கையில் இருக்கும் கேமராவோ ஒரு தடவைக்கு ஒரு படம்தான் எடுக்கிறது. அந்தப் படத்துக்கான முடிவுகளில் பாதியை உங்களிடம் விட்டுவைக்கிறது. கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

ஆனால் கற்க உட்காரும்போது ஒரு சிக்கல் வருகிறது. கடையில் கிடைக்கும் ஒளிப்படப் புத்தகங்களும் வகுப்புகளும் பெரும்பாலும் பெரிய கேமராக்களை மனதில் வைத்து உருவானவை. ‘பின்னணி மங்க வேண்டுமா, அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, அகலத் திற’ என்பார்கள். ‘மலையும் வயலும் முழுக்கத் தெளிவாக வேண்டுமா, எஃப் 11 வை, அதாவது துளையைச் சுருக்கு’ என்பார்கள். இரண்டையும் உங்கள் கேமராவில் செய்து பாருங்கள். முதலாவதில் ஒரு மாற்றமும் தெரியாது. இரண்டாவதைச் செய்யவே வழியிருக்காது. எஃப் 8 வரை போய் நின்றுவிடும், அங்கேயும் படம் முன்பைவிட மந்தமாகத்தான் வரும். கற்கிறவர் என்ன நினைப்பார்? கேமரா மட்டம், அல்லது எனக்குக் கைவரவில்லை. இரண்டும் இல்லை. சின்னக் கேமராவுக்குச் சட்டம் வேறு. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

சட்டம் வேறாவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சென்சார். உங்களில் பலரின் கேமரா விளக்கப் புத்தகத்தில் ‘1/2.3 அங்குலம்’ என்று போட்டிருக்கும். அதை அப்படியே அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் விட்டத்தை ஒட்டி வந்த வழக்கு அது. உண்மை அளவு சுமார் 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர். உங்கள் சுண்டுவிரல் நகம் இதைவிடப் பெரியது. தொழில்முறைக் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பைக் கணக்கிட்டால், அது நம்முடையதைப் போல ஏறக்குறைய 30 மடங்கு. அதே வெளிச்சத்தில், அதே அமைப்பில் எடுத்தால், நம் சென்சாருக்கு மொத்தத்தில் கிடைக்கும் ஒளி 30-ல் ஒரு பங்குதான். சின்னக் கேமராவின் பலவீனங்கள் இங்கிருந்துதான் வருகின்றன. பலங்களும் இங்கிருந்துதான் வருகின்றன.

மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்கிய காலம் ஒன்று இருந்தது. 2008-ல் கேனன் நிறுவனம் பவர்ஷாட் ஜி10 என்ற கேமராவை 14.7 மெகாபிக்சலுடன் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதன் வாரிசாக ஜி11 வந்தது. அதில் எத்தனை தெரியுமா? 10. அதே அளவுச் சென்சாரில் புள்ளிகளைக் குறைத்து, ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்கி, மங்கலான வெளிச்சத்தில் படம் துப்புரவாக வரட்டும் என்று முடிவெடுத்தார்கள். விளம்பரப் பலகையில் எண் ஏறிக்கொண்டே போன காலத்தில் ஒரு பெரிய நிறுவனம் எண்ணை இறக்கியது. 2012-ல் சோனியின் ஆர்எக்ஸ்100 வந்தபோது, சட்டைப்பைக்குள் அடங்கும் உடலிலேயே நம்முடையதைப் போல நான்கு மடங்கு பரப்புள்ள சென்சாரை வைத்தார்கள். அந்த ரகத்தை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் சட்டங்கள் கொஞ்சம் தளரும்; மாறாது.

முதல் சட்டம் தெளிவைப் பற்றியது. கேமராவை இயக்குங்கள். வெளியே நீளும் லென்ஸின் விளிம்பில் பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். 4.3, 4.5, 5.0 என்பது போல ஏதோ ஒன்றில் தொடங்கும். பெட்டியின்மேல் ‘25 மி.மீ.’ என்றோ ‘28 மி.மீ.’ என்றோ அச்சிட்டிருந்தார்களே, அது பெரிய கேமராவோடு ஒப்பிட்டுச் சொன்ன பார்வை அகலம். உண்மையில் உங்களிடம் இருப்பது நாலரை மில்லிமீட்டர் லென்ஸ். லென்ஸ் இவ்வளவு குட்டையாக இருந்தால், ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் தெளிவு வெகுதூரம் பரவும். நாலரை மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 2.8-ல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், முக்கால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். பெரிய கேமராவில் இதே பார்வை அகலத்துடன் இதே தெளிவு வேண்டுமென்றால் எஃப் 16 வரை அபர்ச்சரைச் சுருக்க வேண்டும்.

ஆகவே கோபுரம், வயல், கடற்கரை என்று எடுக்கும்போது அபர்ச்சரைச் சுருக்க அவசியமே இல்லை. சுருக்கினால் கெடுதல்தான். சின்னத் துளை வழியாகப் போகும் ஒளி வளைந்து பரவும் என்பது பள்ளி இயற்பியல். எஃப் 8-ல் ஓர் ஒளிப்புள்ளி சென்சாரின்மேல் சுமார் 10 மைக்ரான் அகலத்துக்குப் பரவுகிறது. 12 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சலின் அகலமோ ஒன்றரை மைக்ரான். ஒரு புள்ளியில் விழ வேண்டியது ஏழு புள்ளி அகலத்துக்குப் பரவிவிட்டால் தெளிவு எங்கிருந்து வரும்? இதனால்தான் பல சின்னக் கேமராக்களில் அபர்ச்சரைக் கையால் மாற்றும் வசதியையே வைப்பதில்லை. வெயில் அதிகமானால் ஒளியைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி ஒன்று உள்ளே வந்து நின்றுகொள்ளும். ஏ என்ற மோட் உங்களிடம் இருந்தால், அதை வைக்க வேண்டிய இடம் எஃப் 2.8-க்கும் 4-க்கும் நடுவில். அங்கேயே விட்டுவிடுங்கள்.

‘எனக்குப் பின்னணி மங்கலாக வேண்டுமே’ என்று ஒருவர் கேட்பார். முடியும். அதற்கு அபர்ச்சரை நம்பாதீர்கள். ஜூமையும் உங்கள் கால்களையும் நம்புங்கள். ஜூமை முழுக்க நீட்டுங்கள். ஃபோகஸ் கிடைக்கும் அளவுக்கு முகத்தின் அருகே போங்கள். பின்னால் இருக்கும் சுவரையோ மரத்தையோ தள்ளிப் போட முடியாது. எடுக்கப்படுகிறவரை அங்கிருந்து பத்தடி முன்னால் வந்து நிற்கச் சொல்லலாம். இந்த மூன்றும் சேர்ந்தால் பின்னணி ஓரளவு கரையும். செம்பருத்தியின் மகரந்தத்தை எடுக்க வேண்டுமா? அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஜூமை முழுக்க உள்ளே இழுத்து, பூ அடையாளம் போட்ட மேக்ரோவுக்கு மாற்றுங்கள். பெரும்பாலான சின்னக் கேமராக்கள் அந்த நிலையில்தான் பூவிலிருந்து சில சென்டிமீட்டர் தூரம் வரை நெருங்க விடும். பெரிய கேமராக்காரர் அதற்குத் தனி லென்ஸ் வாங்க வேண்டும்.

இரண்டாவது சட்டம் வெளிச்சத்தைப் பற்றியது. இது எல்லாக் கேமராவுக்கும் பொது. சின்னக் கேமராவுக்குக் கூடுதல் கண்டிப்பு உண்டு. கேமராவால் ஒளியை அளக்க முடியும். அளந்தது என்ன பொருள் என்று அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் ‘இது கருப்பும் இல்லை வெள்ளையும் இல்லை, நடுவாந்திரச் சாம்பல் நிறம்’ என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டி சட்டையோடு நிற்கும் மாப்பிள்ளையைக் காட்டினால், ‘ஏதோ சாம்பல் பொருள்மேல் அளவுக்கு அதிகமாக வெளிச்சம் விழுகிறது’ என்று முடிவு செய்து ஒளியைக் குறைக்கும். வேட்டி அழுக்கேறியதாகத் தெரியும்; மாப்பிள்ளை முகம் கருத்துப்போகும். கோயில் யானையின் விலாப்புறத்தைக் காட்டினால் ஒளியைக் கூட்டும், யானை வெளுத்துவிடும். புதிய கேமராக்கள் காட்சியைப் பல கட்டங்களாகப் பிரித்து அளக்கின்றன. தவறு குறைந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை.

இதைத் திருத்தத்தான் கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பட்டன் இருக்கிறது. எல்லோரும் இப்போதே அதைத் தேடுங்கள். பின்பக்கத்து வளையத்தில் இருக்கலாம், மெனுவுக்குள் ஒளிந்திருக்கலாம். எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்பார்கள். இந்தக் கேமராவில் ஒரே ஒரு பட்டனைத்தான் கற்க முடியும் என்றால் நான் சொல்வது இதைத்தான். ப்ளஸ் 1 என்றால் ஒளி இரண்டு மடங்காகிறது. மைனஸ் 1 என்றால் பாதியாகிறது. ஒவ்வொரு படியும் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சட்டம் எளிது: வெள்ளையைக் காட்டினால் ப்ளஸ், கருப்பைக் காட்டினால் மைனஸ். நம் மனம் முதலில் இதை ஏற்காது. வெள்ளை பளிச்சென்று இருக்கிறதே, குறைக்கத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் குறைக்கும் வேலையைக் கேமரா ஏற்கெனவே அளவுக்கு மீறிச் செய்துவிட்டது. நீங்கள் அதைச் சரிக்கட்டுகிறீர்கள்.

மார்கழிக் காலையில் சாணம் தெளித்த வாசலில் போட்ட கோலத்தை எடுத்துப் பாருங்கள். கோலம் வெள்ளைதான். ஆனால் கட்டத்துக்குள் அதிக இடம் பிடித்திருப்பது ஈரமான கரிய தரை. கேமரா தரையைப் பார்த்து ஒளியைக் கூட்டும். இழைகள் தடித்து வெளிறி, ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் ஆகிவிடும். இங்கே மைனஸ் மூன்றில் இரண்டு வைத்தால் இழை இழையாகப் பிரிந்து நிற்கும். ஆகவே பொருளின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கட்டத்துக்குள் எது அதிகம் என்று பாருங்கள்.

சின்னச் சென்சாருக்குக் கூடுதல் கண்டிப்பு என்றேன். அதன் புள்ளிகள் சிறியவை; சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பிய இடம் வெறும் வெள்ளை. மேகமோ பட்டுப்புடவையின் சரிகையோ அப்படி வெளுத்துவிட்டால் பிறகு கணினியில் எவ்வளவு இருட்டினாலும் திரும்ப வராது. சாம்பல் திட்டுத்தான் கிடைக்கும். நிழலில் இருண்ட இடத்தையோ ஓரளவு தூக்கிவிடலாம். அதனால் பகலில், வானம் தெரியும் காட்சியில், சந்தேகம் வந்தால் மைனஸ் மூன்றில் ஒன்று வையுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்கப் பின்னால் திரை இருக்கிறது. 1995-ல் கேசியோ கியூவி-10 என்ற கேமராதான் சாதாரண மக்களுக்கான டிஜிட்டல் கேமராவின் முதுகில் முதன்முதலில் திரையை வைத்தது. அதில் இருந்தது கால் மெகாபிக்சல்தான். ஆனாலும் கற்கும் முறையையே அது மாற்றிவிட்டது. ஃபிலிம் சுருளைக் கழுவக் கொடுத்துக் காத்திருந்தவர்களுக்கு, எடுத்த நொடியிலேயே விடை கிடைத்தது. ஆனால் நடு வெயிலில் எந்தப் படமும் திரையில் இருட்டாகத் தெரியும். இருட்டு அறையில் எந்தப் படமும் பளபளக்கும். எனவே திரையின் பிரகாசத்தை நம்பாமல், டிஸ்ப்ளே பட்டனை அழுத்தி ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைக் கொண்டுவாருங்கள். இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம். மேடு வலது ஓரச் சுவரில் மோதி நின்றால் எங்கோ வெளுத்திருக்கிறது. இன்னொரு தடவை, கொஞ்சம் மைனஸில் எடுங்கள்.

மூன்றாவது, ஷட்டர் பட்டன். அதற்கு இரண்டு படிகள் உண்டு என்பதே தெரியாமல் பல வருடம் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பாதி அழுத்தினால் ஃபோகஸும் ஒளி அளவும் பூட்டிக்கொள்ளும். பச்சைக் கட்டம் வரும். முழுக்க அழுத்தினால்தான் படம். ‘நான் அழுத்தின நேரம் வேற, எடுத்த நேரம் வேற’ என்று சின்னக் கேமராவின்மேல் பெரிய புகார் உண்டு. அந்தத் தாமதத்தில் பெரும்பகுதி ஃபோகஸ் தேடும் நேரம். பழைய கேமராக்களில் அரை நொடிகூடப் போய்விடும். மாலை மாற்றும் தருணம் வரப்போகிறது என்று தெரியும் அல்லவா? அதற்கு முன்பே மணமக்கள்மேல் பாதி அழுத்தி விரலை அப்படியே வைத்திருங்கள். மாலை கழுத்துக்கு மேலே உயரும்போது மீதியை அழுத்துங்கள். தாமதம் ஏறக்குறைய மறைந்துவிடும்.

முகத்தைத் தானே கண்டுபிடிக்கும் வசதி நல்லதுதான். ஆனால் அது தேடுவது கண், மூக்கு, வாய் அமைந்திருக்கும் ஒரு வடிவத்தை. தலை குனிந்து கோலம் போடும் பெண்ணை அது கண்டுகொள்ளாது. பின்னால் சுவரொட்டியில் சிரிக்கும் தலைவரைச் சரியாகப் பிடித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஃபோகஸை நடுப்புள்ளிக்கு மாற்றுங்கள். யார்மேல் தெளிவு வேண்டுமோ அவர்மேல் நடுப்புள்ளியை வைத்துப் பாதி அழுத்துங்கள். பிறகு கேமராவை நகர்த்திக் கட்டத்தை அமைத்து மீதியை அழுத்துங்கள்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறோம்: கல்யாண மண்டபம், கோயில் பிராகாரம், பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடை. வெளிச்சம் குறைந்தால் கேமரா மூன்று வழிகளில் ஈடுகட்டப் பார்க்கும். அபர்ச்சரைத் திறக்கும், அது சீக்கிரமே எல்லைக்கு வந்துவிடும். ஷட்டரை மெதுவாக்கும், அதாவது கூடுதல் நேரம் திறந்து வைக்கும், படம் ஆடும். சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஏற்றும், படத்தில் பொரி பொரியாகப் புள்ளி விழும். இதில் நீங்கள் முடிவெடுக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, ஜூமைத் தொடாதீர்கள். லென்ஸ் விளிம்பில் ‘3.3–5.9’ என்பது போல எழுதியிருக்கும். அகலப் பார்வையில் 3.3, முழு ஜூமில் 5.9 என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ளே வரும் ஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. போதாததற்கு, ஜூம் கூடக்கூடக் கையின் நடுக்கமும் பெரிதாகத் தெரியும். மேடைக்கு நடந்து போங்கள். அகலப் பார்வையிலேயே எடுங்கள்.

இரண்டு, ஐஎஸ்ஓவுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். பல கேமராக்களில் ஆட்டோ ஐஎஸ்ஓ எதுவரை போகலாம் என்று மெனுவில் குறிக்கலாம். 1/2.3 அங்குலச் சென்சாருக்கு 800 போதும், மிஞ்சினால் 1600. ஆர்எக்ஸ்100 ரகத்துக்கு 3200 வரை விடலாம். புள்ளி விழுகிறதே என்று ரொம்பவும் பயப்பட வேண்டாம். ஆல்பத்தில் ஒட்டும் நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் தேவைப்படுவது 22 லட்சம் பிக்சல்தான். 12 மெகாபிக்சல் படம் அந்த அளவுக்குச் சுருங்கும்போது பொரியில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆடிப்போன படம் எந்த அளவிலும் ஆடிப்போன படம்தான்.

மூன்று, ஷட்டர் வேகம். பாதி அழுத்தும்போது திரையின் கீழே 1/30, 1/125 நொடி என்று காட்டுமே, அதைப் படிக்கப் பழகுங்கள். உட்கார்ந்து பேசுகிறவருக்கு 1/60, நடக்கிறவருக்கு 1/125, பரதம் ஆடும் பெண்ணின் கைகளுக்கு 1/500 வேண்டும். ‘கேமராவில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே’ என்பீர்கள். அது உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் பிடிக்கும். ஆடுகிறவரின் ஆட்டத்தை அதனால் பிடிக்க முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/500-ல் எடுத்தால் ஒரு படம் இருட்டாக, அடுத்தது மஞ்சளாக, சிலசமயம் பட்டை பட்டையாக வரும். அந்த விளக்குக்குக் கீழே 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு உள்ளே விழுந்துவிடும், தொல்லை தீரும்.

ஃபிளாஷைப் பற்றி ஒரு வார்த்தை. எப்போது வேண்டும் என்று ஆட்டோ நினைக்கிறதோ, பெரும்பாலும் அப்போது வேண்டாம். எப்போது வேண்டாம் என்று நினைக்கிறதோ, அப்போதுதான் வேண்டும். இந்தச் சின்ன ஃபிளாஷ் எட்டுவது மூன்று நான்கு மீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒரு பங்காகிவிடும். பத்தாவது வரிசையில் உட்கார்ந்து மேடையை நோக்கி ஃபிளாஷ் அடித்தால், முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் பின்மண்டை பிரகாசமாகப் பதிவாகும். மேடை இருட்டாகவே இருக்கும். அங்கே அணைத்துவிடுங்கள். இரவில் ஃபிளாஷ் போட்ட படத்தில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் மிதப்பதைப் பார்த்து ‘ஆவி’ என்று பயந்தவர்கள் உண்டு. ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் முன்னால் பறக்கும் தூசி பளீரென்று ஒளிர்ந்து, ஃபோகஸ் இல்லாமல் வட்டமாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

மின்னல் அடையாளம் போட்ட கட்டாய ஃபிளாஷை உச்சி வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கு ஒருவரை நிறுத்தி எடுத்தால் கண்குழியும் மூக்குக்குக் கீழேயும் கருப்பாகிவிடும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று கட்டாய ஃபிளாஷோடு எடுங்கள். அந்தக் கருப்பு விலகும். சின்னக் கேமரா பெரிய கேமராவை வெல்லும் இடம் இது. பெரிய கேமராவின் ஷட்டர் திரைபோல் ஓடுவதால் சாதாரணமாக 1/250-க்கு மேல் ஃபிளாஷோடு ஒத்துப்போகாது. சின்னக் கேமராக்கள் பலவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, 1/1000-லும் ஒத்துப்போகும். அதனால் வெயிலையும் ஃபிளாஷையும் ஒரே படத்தில் சமமாக்க முடிகிறது.

நிறத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவிலேயே இருக்கட்டும். இரண்டு சந்தர்ப்பங்களில் மட்டும் மாற்றுங்கள். குத்துவிளக்குச் சுடரின் நிற வெப்பநிலை 2000 கெல்வினை ஒட்டியது, பகல் வெயில் 5500, நிழல் 7000-க்கு மேல். எண் ஏற ஏற நீலம் கூடும். விளக்கொளியின் பொன்னிறத்தை ஆட்டோ ஒரு குறையாக எண்ணித் துடைக்கப் பார்க்கும். அங்கே சூரிய அடையாளத்துக்கு மாற்றினால் பொன் நிலைக்கும். மரநிழலில் முகம் நீலம் பாய்ந்து தெரிந்தால் நிழல் அடையாளத்துக்கு மாற்றுங்கள்.

‘இவ்வளவு எதற்கு, சீன் மோடில் பனி, கடற்கரை, வாணவேடிக்கை என்று படமே போட்டு வைத்திருக்கிறானே’ என்று கேட்கலாம். அவற்றை நான் வெறுக்கவில்லை. அவை இலவச ஆசிரியர்கள். ‘பனி’ மோட் வேறொன்றும் செய்வதில்லை. ஒளியைக் கூட்டி வைக்கிறது. வெள்ளைக்கு ப்ளஸ் என்று சற்றுமுன் சொன்னது அதுதான். தமிழ்நாட்டில் பனி எங்கே என்று ஒதுக்காதீர்கள்; உப்பளத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ‘வாணவேடிக்கை’ மோட் ஐஎஸ்ஓவைக் கீழே இறக்கி, ஃபோகஸை வெகுதூரத்தில் நிறுத்தி, ஷட்டரைச் சில நொடிகள் திறந்து வைக்கிறது. அதைக் கையில் பிடித்து எடுத்தால் கோடு கோடாகத்தான் வரும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு எடுங்கள். சீன் மோடில் எடுத்த ஒவ்வொரு படத்தின் தகவலையும் திறந்து, ஷட்டர் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு என்று படியுங்கள். கேமராவின் யோசனை உங்களுக்குப் பிடிபடும். பிடிபட்டபின் அந்த மோட் தேவைப்படாது.

எல்லாவற்றையும் கையால் வைக்கும் எம் மோடுக்குப் போனால்தான் ஒளிப்படக்காரர் என்றொரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. சின்னக் கேமராவில் அந்த மரியாதைக்கு அடிப்படை இல்லை. அபர்ச்சரைத் தொட அவசியமில்லை என்று பார்த்தோம். மீதியை, அபர்ச்சரையும் ஷட்டரையும் தானே தேர்ந்தெடுக்கும் பி மோடும் கூட்டல் கழித்தல் பட்டனும் பார்த்துக்கொள்ளும். எம்மைக் கற்க ஒரே ஒரு பயிற்சி போதும். பளிச்சென்ற வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, ஷட்டர் 1/800 என்று வைத்து ஒரு தெருவை எடுங்கள். மீட்டரைப் பார்க்காமலே படம் சரியாக வரும். சூரியன் நமக்குத் தரும் ஒளி அவ்வளவு நிலையானது. பிறகு ஒவ்வோர் எண்ணாக மாற்றி என்ன ஆகிறது என்று பாருங்கள். அதோடு பி-க்குத் திரும்பிவிடலாம்.

கற்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் கூட்டல் கழித்தல் பட்டன் மட்டும். ஒரே காட்சியை மைனஸ் 1, பூஜ்யம், ப்ளஸ் 1 என்று மூன்று முறை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டாவது வாரம் பாதி அழுத்தலும் நடுப்புள்ளி ஃபோகஸும். மூன்றாவது வாரம் ஃபிளாஷை வெயிலில் போட்டும் இருட்டில் அணைத்தும் பார்ப்பது. நான்காவது வாரம் ஐஎஸ்ஓவும் ஷட்டரும். இரண்டு வாரத்து வேலையை ஒரே வாரத்தில் கலந்தால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். மெனுவில் மீதி எழுபது எண்பது வரிகள் இருக்குமே என்று கலங்க வேண்டாம். அவற்றில் பெரும்பகுதியைத் திறக்கவே தேவையில்லை. சிலவற்றை ஒரே ஒரு முறை வைத்துவிட்டால் போதும்.

அந்த ஒருமுறை வேலையைக் கலைவதற்குள் எல்லோரும் இங்கேயே முடித்துவிடுவோம். டிஜிட்டல் ஜூமை அணையுங்கள். அது தூரத்தைக் கிட்டே கொண்டுவருவதில்லை, படத்தின் நடுவை வெட்டி ஊதித் தருகிறது. படத்தின் தரத்தை ‘ஃபைன்’ என்று வையுங்கள். ரா வசதி இருந்தால் அது அடுத்த கூட்டத்துக்கு. கார்டில் உள்ள பழைய படங்களை வீட்டில் கணினிக்கு மாற்றிய பிறகு, கார்டைக் கேமராவுக்குள் வைத்தே ஃபார்மட் செய்யுங்கள், இங்கே வேண்டாம். கடைசியாக, தேதியும் நேரமும். உங்களில் பலரின் கேமராவில் வருடம் பழையதாகவே நிற்கும். பேட்டரி தீர்ந்து நாள்பட்டால் உள்ளே இருக்கும் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போய்விடும். எடுத்த நாள், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் ஒவ்வொரு படத்தோடும் எக்ஸிஃப் என்ற குறிப்பாகப் பதிவாகின்றன. நான் சொன்ன பயிற்சிகள் முழுக்க அந்தக் குறிப்பைப் படித்துத்தான் நடக்க வேண்டும். தேதி தவறினால் எந்த வாரத்துப் படம் எது என்று வரிசைப்படுத்த முடியாது.

எங்கே, மெனுவைத் திறங்கள். ஸ்பேனர் படம் போட்ட பக்கத்துக்குப் போங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கண் தெளிவாகத் தெரியவில்லை என்றால் கொஞ்சம் உதவி செய்யுங்கள். எல்லோர் கேமராவிலும் ஒரே தேதி வந்ததும், இந்த மண்டபத்து டியூப்லைட்டுக்குக் கீழேயே 1/500-லும் 1/100-லும் ஆளுக்கு இரண்டு படம் எடுத்து, கேள்விகளுக்கு வருவோம்.